ஒத்துக்கல

மதுரையில் மருந்து யாரையும் கெடுத்ததில்லை. உடம்புதான் மருந்தை ஒத்துக்கொள்ளாமல் போகும். குயினைன் தின்று காது அடைத்துப்போனவன், பேதி மாத்திரை போட்டுக்கொண்டு கண் சொருகிக் கிடந்தவன், தலைவலித் தூளைக் கலக்கிக் குடித்து மார்பு படபடத்தவன், எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: ஒத்துக்கல. அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் வெட்கமும் இருக்கும். நல்ல இடத்து மருந்து தேடி வந்தது, இந்தப் பாழும் உடம்புதான் அதோடு அனுசரித்துக் குடித்தனம் செய்யத் தெரியாமல் கெடுத்துக்கொண்டது என்பதுபோல.

ஊசிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஊசி போட்டுக்கொண்டவனுக்குக் காய்ச்சல் வந்தால் அது ஊசி செய்த வேலை. கை வீங்கினால் ஊசி செய்த வேலை. அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாலும் ஊசி செய்த வேலையாக இருக்கக்கூடும்.

இந்த வித்தியாசம் எனக்குப் புலப்பட்டது காஜிமார் தெருவை ஒட்டி இருந்த ஒரு மருந்துக்கடையில். கடைக்காரரை நான் பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். நான் அப்போது ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். பத்திரிகைகளில் எதையாவது கிறுக்கி நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன் என்ற கெட்ட பெயரும் உண்டு. பாய் என்னைவிட மூத்தவர். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அம்மை குத்திக்கொள்வதைப் பற்றிப் பேச்சு வந்தால், "எனக்கு அது பாக்கி இல்ல வாத்தியாரே, கவர்மெண்டுக்கு முந்தி கடவுளே குத்திவிட்டுட்டான்" என்பார்.

அந்தக் கடைக்கு வலப்பக்கம் நாட்டு மருந்து: சுக்கு, கடுக்காய், நிலாவாரை, சாக்கிலும் டப்பாவிலும். இடப்பக்கம் கண்ணாடி அலமாரியில் இங்கிலீஷ் மருந்து: குயினைன், பேதி உப்பு, தலைவலித் தூள், கழுத்து நீண்ட சீமைத் தைலக் குப்பிகள். இரண்டு வைத்தியத்துக்கும் நடுவே ஒரு ஸ்டூலில் பாய் உட்கார்ந்திருப்பார், எந்தப் பக்கமும் சாயாமல். இரண்டுமே அவருக்குப் பெற்ற பிள்ளைகள் மாதிரி. ஊசி ஒன்றுதான் அவர் கடையில் இல்லாத சரக்கு. அதனால்தான் அதன்மேல் இத்தனை காட்டம் என்று நான் சொல்வேன். விற்கிறவன் யோக்கியமாகத்தான் பேசவேண்டும் என்று என்ன சட்டம் என்று அவர் கேட்பார். இப்படித்தான் எங்கள் சாயங்காலம் ஆரம்பமாகும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போவேன். எனக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. டீ வரும். வாடிக்கைக்காரர்கள் வந்து போகும் இடைவெளிகளில் நானும் அவரும் மருந்துக்கும் ஊசிக்கும் வக்காலத்து வாங்கி வாதாடுவோம். நான் ஊசியின் வக்கீல். அவர் மற்ற எல்லாவற்றுக்கும் வக்கீல். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாததால் வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது.

ஒருநாள் கீழக்குயில்குடியிலிருந்து ஒரு சம்சாரி மாட்டுவண்டியில் கூட்டிவரப்பட்டார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். பேதிக்கென்று பாய் கொடுத்த நேர்வாள மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அது சுணங்குகிறது என்று இன்னொன்றும் போட்டுக்கொண்டாராம். நேர்வாளம் சுணங்குவதே இல்லை, சமயம் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதர் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தார். பாய் உப்புக் கஞ்சி வரவழைத்து, மெல்ல மெல்லப் புகட்டி, உட்காரவைத்து அனுப்பினார். போகும்போது அந்த சம்சாரி பாயைக் கும்பிட்டு, "மருந்து நல்ல மருந்துதேன், எனக்குத்தேன் ஒத்துக்கல" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். வண்டி நகர்ந்ததும் நான் பாயைப் பார்த்தேன். பாய் அலமாரியைப் பார்த்தார்.

அதே மாதத்தில் வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். திருவிழாவுக்கு முன் முனிசிபாலிட்டிக்காரர்கள் போட்ட காலரா ஊசியை அவர் போட்டுக்கொண்டிருந்தார் என்று பாய்க்குத் தகவல். ஊசி போட்டது சித்திரையில், விழுந்தது ஆடியில். "ரத்தத்துல இறங்கின விஷம் சும்மா இருக்குமா? கை தளந்துபோச்சு, பிடி விட்டுப்போச்சு." நான் நியூட்டனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பாய் ஊர்பேர் தெரியாதவன் சாட்சியை ஏற்கமாட்டேன் என்றுவிட்டார்.

என் காதையும் சாட்சிக்கு அழைத்தேன். எனக்கு முறைக்காய்ச்சல் உண்டு. பாயின் அலமாரிக் குயினைனைத் தின்றுதான் அதை அடக்கி வந்தேன். அதன் பலனாகக் காதுக்குள் ஒரு வண்டு குடியேறிவிட்டது. சதா ஒரு ரீங்காரம். இது மருந்து செய்த வேலைதானே என்று கேட்டேன். "இல்ல, ஒங்க காது ஒத்துக்கல" என்றார். உடம்பை மொத்தமாகக் குற்றம் சொல்லாமல் காதோடு நிறுத்தியது, என்மேல் அவருக்கு இருந்த மரியாதை.

உண்மையில் அந்த வண்டைப் பற்றி எனக்குப் பெரிய புகார் கிடையாது. நான் குடியிருந்தது ஒரு மாடி அறை. அங்கே சத்தம் போட என்னைத் தவிர வேறு யாரும் இல்லை, நானும் தனியாகச் சத்தம் போடுகிறவன் இல்லை. விளக்கை ஏற்றிவிட்டுப் பரீட்சைப் பேப்பர்களோடு உட்கார்ந்தால் வண்டு கூடவே உட்கார்ந்திருக்கும். பாயின் கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து மறுநாள் அதே பெஞ்சில் போய் உட்காரும்வரை, என்னோடு பேச்சு வைத்துக்கொண்டிருந்த ஜீவன் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் பேசுவதெல்லாம் பேச்சில் சேராது.

என் மனைவி ஒரு சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு வாந்திபேதியில் போனாள். அவளுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. எதுவும் வந்து சேரவே இல்லை. ஊசிக் கொட்டகை ஆற்றங்கரைக்கு வந்தது அதற்கப்புறம். பாய்க்கு இது தெரியும். அவருடைய தம்பி ஒருவன், பிளேக் காலத்தில் ஏலக்காய் வியாபாரத்துக்காகக் கம்பம் பக்கம் போனவன், அங்கே முகாமில் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் மையித்தாக, வெறும் உடலாக, வந்து சேர்ந்தான். எனக்கு இது தெரியும். ஊசி உள்ளே போகும் முன்பே பிளேக் உள்ளே போய்விட்டதோ என்னவோ, யார் கண்டார்கள். எத்தனையோ சாயங்காலம் காரசாரமாகச் சண்டை போட்டோம், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி. ஆனால் அந்த இரண்டு பேரையும் நாங்கள் சாட்சிக் கூண்டுக்கு இழுத்ததே இல்லை. யாரும் பேசி முடிவு செய்யாத ஒப்பந்தம் அது.

சண்டை தொடங்கிச் சில வருஷங்கள் கழித்து ஒருநாள், டீ வருவதற்கும் முந்தியே பாய் சொன்னார், இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போக நிய்யத் வைத்துவிட்டதாக, மனசில் உறுதி செய்துவிட்டதாக. நான் ரொம்ப சந்தோஷம் என்றேன். வாயால் சொல்வது சுலபம். பம்பாய் போய்க் கப்பல் ஏறி, அங்கே ஒட்டகத்திலும் காலிலும் திரிந்து, திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும். அந்த வயதில் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததும் இல்லை. அந்த மண்ணிலேயே அடங்கினால் பாக்கியம் என்று நினைக்கிற மனிதர்கள். இங்கே பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருப்பானே என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது, வரவும் கூடாது.

"ஒரே ஒரு எடஞ்சல்" என்றார் பாய். "காலரா ஊசி போடாட்டிக் கப்பல்ல ஏத்தமாட்டானாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார், ஊசி ஏற்கெனவே இறங்கிவிட்டது மாதிரி. வீட்டில் மகன் சொல்லிப் பார்த்தானாம். ஜமாஅத்தில் சொல்லிப் பார்த்தார்களாம். "ஊசியப் போட்டு நான் மேல போயிட்டா, அப்புறம் கப்பல்ல யாரு போறது?" என்று கேட்டிருக்கிறார். "நீங்கதான் அதுல கரை கண்ட ஆளு. நீங்க சொல்லுங்க வாத்தியாரே."

அத்தனை வருஷ வழக்கில் முதல் தடவையாக எதிர்க்கட்சி வக்கீல் தானாக வந்து, என் பக்கத்து நியாயத்தைச் சொல் என்று கேட்கிறார். ஒரு வார்த்தை போதும். நான் சொன்னேன். ஆனால் அது என் வழக்கமான வார்த்தையாக வரவில்லை. காய்ச்சல் வரும் பாய் என்றேன். கை வீங்கும். குளிர் நடுக்கும். சில பேருக்குப் படுக்கையிலேயே கிடக்கும்படிகூட ஆகும் என்று கேள்வி. இதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் நிஜம்தான். முந்தியெல்லாம் இதே நிஜத்தைக் கால் நிமிஷத்தில் சொல்லிவிட்டு, ரெண்டு நாளில் போய்விடும், பேதி மாத்திரையைவிடச் சாது என்று முடிப்பேன். அன்றைக்கு முடிவு வரை போகாமல் நடுவிலேயே நின்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, கட்சி மாறிட்டீங்க?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

"சரி, ஒங்களுக்கு எம்புட்டுக் காய்ச்சல் வந்துச்சு, போட்டப்ப?"

நான் போட்டுக்கொண்டதே இல்லை. மனைவி போன பிறகு திருவிழாக் கூட்டத்துக்கு நான் போவது கிடையாது. ஊசியோ கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு. ஊர் பூராவையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னவன் என்று பெயர் வாங்கியிருந்தேனே தவிர, என்னை யாரும் ஊரில் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில்லை, நான் உட்பட. இதைச் சொன்னதும் பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனை போட்டார்: முதலில் நான் போட்டுக்கொள்ளவேண்டும். எனக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு அவர் போவதா இல்லையா என்று முடிவு செய்வார்.

ஆக, வழக்கு என் தோளுக்கு வந்தது.

ஊசி போடும் இடத்தில் ஒரு நீண்ட வரிசை. பெரும்பாலும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், தொப்பியும் தாடியுமாக. நடுவில் நான், நெற்றியில் திருநீறோடு. பாய் பக்கத்தில் நின்றார், வரிசையில் சேராமல், பெண்ணைப் பரீட்சைக்கு அழைத்து வந்த தகப்பன் மாதிரி. டாக்டர் தலை நிமிராமலே எந்த ஊருக்குப் பிரயாணம் என்று கேட்டார். எந்த ஊருக்கும் இல்லை என்றேன். தலை நிமிர்ந்தது. பாய் முந்திக்கொண்டு, "இவுக எனக்காகப் போட்டுக்கிறாக" என்றார்.

"ஒருத்தருக்காக ஒருத்தர் போட்டுக்க இது என்ன விரதமா?" என்றார் டாக்டர். ஆனால் போட்டுவிட்டார்.

மறுநாள் நான் நின்றபடி பாடம் நடத்திக்கொண்டிருந்தவன், உட்கார்ந்து நடத்தி, மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். ஊசிக்கு வக்காலத்து வாங்கிய வாயெல்லாம் கசந்தது. கை தலையணை மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் இருந்த ஒரே தலையணையைவிடக் கொஞ்சம் மெத்தென்றே இருந்தது. போர்வைக்குள் சுருண்டுகொண்டு யோசித்தேன். நான் இப்படியே நாலு நாள் கிடந்தால் போதும். பாய் போகமாட்டார். நான் எதுவும் சொல்லவே வேண்டாம். படுத்திருப்பதே வாதம்.

வெயில் தாழ்ந்த நேரம் படியில் கனத்த காலடி கேட்டது. பாய். அத்தனை வருஷத்தில் அவர் என் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கடையை விட்டு அவர் நகர்ந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை. கையில் ஒரு தூக்குச்சட்டி. வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு தம்ளர், ஒரு தட்டு, சுவரெல்லாம் புத்தகம். நாற்காலியில் என் சட்டை உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். இருக்கிற ஒரு தட்டைக் கழுவி அதில் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார்.

நான் முனகியிருக்கலாம். கடையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, மக்காவுக்குப் போகாத மனிதராக அவர் இன்னும் எத்தனை வருஷம் என்னோடு வாதாட முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தச் சாயங்காலங்கள் எனக்கு இனிக்கும் என்று தோன்றவில்லை. "ரெண்டு நாளில் போய்விடும் பாய், பேதி மாத்திரையைவிடச் சாது" என்றேன். சொல்லும்போது பல் தந்தியடித்ததால் எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

அவர் எழுந்து வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். வீங்கிய கையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், கீழக்குயில்குடிக்காரரிடம் பேசின அதே இதமான குரலில் சொன்னார்:

"ஒண்ணுமில்ல வாத்தியாரே. ஒங்க ஒடம்புக்கு ஒத்துக்கல. அம்புட்டுத்தான்."

காய்ச்சலிலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசி செய்த வேலை என்று அவர் சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டிலிருந்து ஊசியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் என் உடம்பை ஏற்றிவிட்டார். வருஷக் கணக்காக நடந்த வழக்கில் எனக்கு ஜெயம். ஜெயித்தவன் எழுந்து உட்காரக்கூட முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவர் மறுநாளே போட்டுக்கொண்டார். அவருக்கு ஒரு கொசு கடித்த அளவுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே கடையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்துக் கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். ஊசிக்கே அவர்மேல் ஒரு பயம் இருந்திருக்கவேண்டும்.

ரயிலடியில் அவரைச் சுற்றி உறவு, ஜமாஅத், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து எனக்காக துஆ செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைவரம், வழக்கு ஜெயம், கடன் தீர என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய் என்னிடம் வந்தார். "ஒங்களுக்கு அங்க என்ன கேக்கட்டும், வாத்தியாரே? காதுல வண்டு போகணும்னு கேக்கவா?"

"அது இருந்துவிட்டுப் போகட்டும், பாய்" என்றேன்.

ஓவென்று சிரித்தார். நாலு பேரைச் சிரிக்கவைக்கிற தொழிலில் இது ஒரு சங்கடம். "வாரேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

அப்புறமும் நான் சாயங்காலம் கடைக்குப் போனேன். காலுக்கு வேறு வழி தெரியாது. ஸ்டூலில் மகன் உட்கார்ந்திருந்தான். தங்கமான பையன். என்னை மாமா என்பான், டீ வாங்கித் தருவான். ஒருநாள் ஊசி மகா உத்தமமான சமாச்சாரம் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஆமா மாமா என்றான். வேறொரு நாள் ஊசி சுத்த விஷம் என்றேன். அதுவும் வாஸ்தவந்தான் மாமா என்றான். தகப்பன் ஊரில் இல்லாதபோது பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற நல்ல வளர்ப்பு. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருவேன். அந்தப் பருவத்தில் முறைக்காய்ச்சல் எனக்கு இரண்டு தரம் வந்தது. குயினைனைத் தாராளமாகவே சாப்பிட்டேன். வண்டு நன்றாகக் கொழுத்தது.

பாய் திரும்பி வந்தார். கறுத்து, இளைத்து, தாடி முழுக்க வெளுத்து, ஆனால் முழுசாக. ஊரே ஹாஜியார் என்று கூப்பிட்டது, நான் பாய் என்றே கூப்பிட்டேன். பேரீச்சம்பழமும் ஒரு சின்னக் குப்பியில் ஜம்ஜம் தண்ணீரும் தந்தார். பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ வந்தது. நாலைந்து மாதமாக எனக்குள்ளேயே இரண்டு கட்சிக்கும் பேசிச் சலித்திருந்தேன். கச்சேரி கட்ட எல்லாம் தயார்.

அப்போது ஒருவர் வந்து, குயினைன் சாப்பிட்டதிலிருந்து தலை கிறுகிறுக்கிறது, ஒத்துக்கல போலிருக்கிறது என்றார். பாய் அவரை மடக்கி, ஒத்துக்காமல் என்ன, அது மருந்து செய்கிற வேலை, அளவைக் குறைத்துச் சாப்பிடு என்றார். நான் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தேன். அடுத்து வந்தவர் கண்மாய்ப் பக்கம் ஊசி போடுகிறார்களாமே, போடலாமா என்று கேட்டார். பாய் கணீரென்று, "போடுங்க. நானே போட்டேன். கப்பல்ல அம்புட்டு நெருக்கடி, ஒரு ஆளுக்கு ஒண்ணுமில்ல. காய்ச்சல் வரும், ரெண்டு நாள்ல போயிரும், பேதி மாத்திரையவிடச் சாது" என்றார். என் வாக்கியம். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

கடையில் ஆள் ஓய்ந்ததும் நான் மெதுவாக எதிர்க்கட்சியைக் கையில் எடுத்தேன். அப்படிச் சாது என்றும் சொல்லிவிட முடியாது பாய், என் கையைப் பார்த்தீர்களே, நான் கிடந்த கிடையைப் பார்த்தீர்களே என்றேன். அவர் தலையை ஆட்டினார். கடுக்காய் ஒன்றை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என் தம்பிக்கும் ஊசி ஒண்ணும் பண்ணிருக்காது வாத்தியாரே. முந்தியே வந்திருக்கும் அவனுக்கு" என்றார். பிறகு, "நீங்க இம்புட்டு வருசமாச் சொன்னது சரித்தான். ஒத்துக்கிறேன்."

பதில் சொல்லும் முறை என்னுடையது. தெருவில் தொழுகைக்குப் போகிறவர்கள் அவருக்கு சலாம் சொல்லிக்கொண்டு போனார்கள். டீ ஆறி ஏடு கட்டியது. நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறமும் ரொம்ப வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், மழையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் ஒற்றுமையாகப் பேசிக்கொண்டு.

அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அறைக்கு வந்துவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். எனக்குத்தான் அது ஒத்துக்கல.